மூன்றுக்கு மேல் கூடாது

கருத்தரிப்பு மருத்துவமனையில் அவரை முட்டைக்காரம்மா என்பார்கள். டாக்டர் எடுத்துத் தரும் கருமுட்டைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, விந்தணுவோடு சேர்த்து, இன்குபேட்டரில் வைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடம். "இன்னிக்கு முட்டை என்ன விலைக்கா?" என்று வரவேற்பில் இருப்பவள் கேட்காத நாள் இல்லை. "உனக்கு அழுகினதுதான்," என்பார்.

ஒரு முறைக்கு மூன்று முட்டைகளைத்தான் கருவாக்கலாம் என்றது அந்த நாட்டின் அப்போதைய சட்டம். மீதியை உறைய வைக்கவும் தடை. பத்து வந்தாலும் பதினைந்து வந்தாலும் மூன்று, மற்றவை குப்பைக்கு. எந்த மூன்று என்பதை அவர் கண்தான் முடிவு செய்யும். நோட்டில் முட்டைக்கொரு வட்டம் போட்டு, எடுத்த மூன்றை மட்டும் பென்சிலால் நிரப்புவார். மீதியைக் கொட்ட வேறு யாரையும் விடமாட்டார்.

பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தி நான்காம் முறையாக வந்திருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு நாற்பத்து மூன்று முடிகிறது. அதற்குமேல் சிகிச்சைக்குச் சட்டம் இடம் தராது. ஒன்பது முட்டைகள் கிடைத்தன. இரண்டை உடனே எடுத்துவிட்டார். மூன்றாவதாக ஐந்தாம் முட்டையா, ஒன்பதாம் முட்டையா? ஒன்பதை எடுத்தார். மறுநாள் காலை பார்த்தால் மூன்றுமே கருவாகவில்லை.

டாக்டர் சொல்ல வேண்டியதை அவரே போய்ச் சொன்னார்.

"மத்த ஆறு?"

"நேத்தே கொட்டியாச்சு."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சும்மா," என்றார்.

ஓட்டுநர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும்."

முட்டைக்காரம்மா தினமும் ஏறும் வண்டி அது. மறுநாளிலிருந்து நடந்தார். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று. பொறியாளரான மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். "எல்லாம் நிகழ்தகவும்மா. இதுல உன் தப்பு எங்க?"

"எடுத்தது நிகழ்தகவா, நானா? போடா."

ஏழு வருடம் கழித்து, ஒரு வழக்கில் நீதிமன்றம் மூன்று என்ற வரம்பையும் உறைய வைக்கும் தடையையும் நீக்கியது. முதல் நாள் பதினோரு முட்டைகள் வந்தன. பதினோரு வட்டங்களையும் நிரப்பினார். மறுநாள் ஏழு கருவாகியிருந்தன. அன்று மாலை பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். முழங்கால் தேய்ந்திருந்தது, கம்பியைப் பிடித்து அவர் படியேறும்வரை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டம் மாறிடுச்சாமே. எத்தனை எடுத்தீங்க?"

"பதினொண்ணும்."

"எத்தனை ஆச்சு?"

"ஏழு."

"நல்லது. உக்காருங்க, வண்டிய எடுக்கணும்."

சென்ற மாதம் அவர் இறந்தார். மகன் நோட்டைப் புரட்டினான். ஓட்டுநரின் ஒன்பது வட்டங்கள் இருந்த பக்கத்தில் ஐந்தாவது வட்டம் நிரப்பி அழிக்கப்பட்டிருந்தது. தாளை விளக்குக்கு எதிரே பிடித்தான். அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. ஒருமுறை அழித்தால் தாள் அவ்வளவு தேயாது.