கிளட்ச் இல்லாத வண்டி

உறக்கம் என்றால் சுடலைக்கண்ணுவின் உறக்கம்தான் என்று ஒரு காலத்தில் கோவில்பட்டி லாரி செட் முழுக்கப் பேச்சு. தீப்பெட்டி பண்டல்களை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போய்வருகிறவன். திரும்பி வந்து வண்டியை ஓரங்கட்டி, தார்ப்பாயை விரித்துச் சாய்ந்தானென்றால் பக்கத்தில் வேட்டுப் போட்டாலும் எழுந்திருக்க மாட்டான். அதெல்லாம் கிளட்ச் மிதித்த காலம். முதுகில் ஒரு தட்டு விலகி, இடது காலுக்குப் போகிற நரம்பை நெரித்ததோடு அது முடிந்தது. "இனிமே கிளட்ச்ச மறந்துருங்க" என்றார் டாக்டர். சொல்வதற்கென்ன? சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

முதலாளி மோசமான ஆள் இல்லை. கையில் ஒரு தொகையைக் கொடுத்து, லாரி செட்டில் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். அந்த நாற்காலிதான் சுடலைக்கண்ணுவைக் கொன்றது. போன் மணி அடிக்கும், எடுக்க வேண்டும். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஊர் ஊராய் ஓடுகிறவன் வேறொருவன், உட்கார்ந்து விசாரிக்கிறவன் இவன். சாயங்காலம் ஆனால் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும். ஆனால் படுத்தால் கண் மூடாது. அடப் பாவமே, இது என்ன அநியாயம்! அசதி மட்டும் மலை போல இருக்கிறது, உறக்கம் பொட்டுக்கூட இல்லை. வெந்நீர் ஊற்றிப் பார்த்தான், மாத்திரை போட்டுப் பார்த்தான். வண்டி ஓட்டி அலுத்தால் தவிர தனக்கு இந்த ஜென்மத்தில் உறக்கம் கிடையாது என்று முடிவுகட்டிவிட்டான்.

அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்வி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். விடியும் முன்னே வேன் வந்துவிடும். நாள் முழுக்கக் கட்டையில் குச்சி அடுக்கிவிட்டு, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய் வருவாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர், இரண்டு பேருமே ஓய்ந்துபோனவர்கள். கல்யாணமான புதிதில் ஒருமுறை, "என்னையும் ஒரு நடை வண்டியில கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். "லைன் வண்டியில பொம்பள ஏறுனா செட்டுல என்ன பேசுவாங்க? கிளீனர் பய எங்கன உக்காருவான்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சே அவனுக்கு மறந்துபோயிற்று.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. லாரி செட்டிலிருந்து ஒரு மெயில் அனுப்புவதற்காகச் சண்முகராஜின் கடைக்குப் போனான். முன்பக்கம் நெட் சென்டர், பின்பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொடுக்கிற வேலை. அங்கே மேஜை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கை மாட்டிவைத்து, ஒருவன் கம்ப்யூட்டர் கேமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சுடலைக்கண்ணு திரையைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான்.

"ஏ தம்பி, கிளட்ச்ச எங்க?"

"இதுல கிளட்ச் கிடையாது அண்ணாச்சி. ஆக்சிலேட்டர், பிரேக்கு, அம்புட்டுதான்" என்றான் சண்முகராஜ்.

இடது காலுக்கு வேலையே இல்லை! அனுப்ப வந்த மெயிலை மறந்து சுடலைக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

முதலாளி கொடுத்த தொகை பேங்கில் கிடந்தது. வீட்டுக்கு ஒரு ஆத்திர அவசரம் என்றால் ஆகும் என்று பாண்டிச்செல்வி கண்போலக் காத்துவந்த தொகை. அதில் கம்ப்யூட்டர் வாங்கக் கேட்டபோது அவள் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பு இல்லை. "உறக்கம் வந்தாச் சரி. எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் சண்முகராஜுக்குத் தலைவலிதான். லாரிக்காரன் வண்டி எடுப்பது எப்படி? முதலில் சேஸ் என்கிற வெறும் அடிச்சட்டத்தை எடுப்பான், பிறகு பட்டறையில் விட்டுப் பாடி கட்டுவான். சுடலைக்கண்ணுவுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். "மதர்போர்டுதானப்பா சேஸு? அதுல கஞ்சத்தனம் கூடாது. இஞ்சின் எது, பிராசசரா? சரி, நடுத்தரமாப் போடு, இமயமலையா ஏறப்போகுது?" ராம் என்றால் என்னவென்று சண்முகராஜ் விளக்கப்போக, "லோடு ஏத்துத இடம்னு சொல்லு" என்று முடித்துவிட்டான். கிராபிக்ஸ் கார்டுதான் திரையில் ரோட்டையும் மரத்தையும் வரைந்துகொடுப்பது என்று தெரிந்ததும், அதில் மட்டும் ஆள் அசையவே இல்லை. கடையில் இருந்ததிலேயே நல்லதைத்தான் எடுத்தான். மானிட்டர் பழசு, பெரிய தொந்தி வைத்தது. கேபினட் இருப்பதிலேயே மட்டம். அப்படி எல்லாம் சுருக்கியும் ஸ்டியரிங்குக்குப் பணம் இடிக்கிறது. ஸ்டியரிங் இல்லாவிட்டால் இந்தக் கூத்தே எதற்கு?

மிச்சம் இருந்தது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றுதான். கரண்ட்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக்கொடுக்கிற தகரப்பெட்டி. கேபினட்டின் பின்பக்க மூலையில் இருக்கும்.

"மூடிப்போன நெட் சென்டர்ல எடுத்த பழசு ஒண்ணு வச்சிருக்கேல்ல, அதப் போடு."

"அண்ணாச்சி, வேண்டாம். எதுல வேணும்னாலும் குறைங்க, இதுல குறைக்காதீங்க. நான் சொல்லுததக் கேளுங்க."

"ஏலே, இது பின் டயருப்பா. எந்த லாரியிலயும் புது டயர முன்னாடி போடுவோம், ரீட்ரேடிங் பண்ணுனத பின்னாடி போடுவோம். இத்தன வருசமா அப்படித்தான் ஓட்டிருக்கேன். ஒரு சாமான் விழுந்திருக்கா?"

தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டுவதுதான் ரீட்ரேடிங். அதை முன்னால் மாட்டினால் ஸ்டியரிங் இழுத்துக்கொண்டு போய்விடும், பின்னால் பாதகமில்லை. லாரிக்காரர்களுக்கு அது வேதவாக்கு. சண்முகராஜ் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். பெரிய மனிதரிடம் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? பழசையே மாட்டிக்கொடுத்தான்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. வெளிநாட்டு ரோடு, வண்டி வலதுபக்கமாகப் போக வேண்டும். இவன் கை தானாக இடதுபக்கம் ஒடிக்கும், எதிரே வருகிறவன்மேல் மோதும். முதல் இரண்டு சாயங்காலமும் மோதியே கழிந்தன. மூன்றாம் நாள்தான் ஸ்டியரிங் கைக்குப் படிந்தது. நல்ல நீளமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், தூரத்தில் மலை. தோளிலிருந்து இறுக்கம் விட்டுப்போவது சுடலைக்கண்ணுவுக்கே தெரிந்தது. அடடா, கொட்டாவி! எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு கொட்டாவி!

வீட்டு விளக்கு ஒருமுறை மங்கிப் பளிச்சென்று எரிந்தது. நம் ஊர்க் கரண்ட்டுக்கு அது தினப்படி வழக்கம்தான். ஆனால் பெட்டிக்குள் 'டப்' என்றது. கருகிய நாற்றம் வந்தது. திரை இருண்டது.

சண்முகராஜ் வந்து திறந்து பார்த்தான். "எஸ்.எம்.பி.எஸ். போச்சு அண்ணாச்சி. போகும்போது கார்டையும் கூட்டிட்டுப் போயிருச்சு. மதர்போர்டு தப்பிச்சதே பெரிசு." கருகிய பெட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினான். 'அப்பவே சொன்னேன்ல' என்று ஏசியிருந்தால்கூடத் தேவலை.

அடுப்படியிலிருந்து பாண்டிச்செல்வி வந்தாள். பின் டயர் கதையைக் கேட்டாள். "பாரம் பூரா பின்னாடிதான ஏத்துதீங்க? அங்கன போயா தேஞ்சதப் போடுவாங்க?" என்றாள்.

பதில் அவனுக்குத் தெரியும். பின்னால் இருப்பது ஜோடி டயர். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது தாங்கும், அடுத்த ஊர் வரைக்கும் உருட்டிக்கொண்டு போகலாம். அந்தத் தைரியத்தில்தான் தேய்ந்ததைப் போடுவது. இந்தத் தகரப்பெட்டிக்கு ஜோடி கிடையாது. அது இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பேங்கில் இருந்ததையும் கரைத்தாயிற்று, உறக்கமும் போயிற்று. வெட்கக்கேடு.

நாலைந்து நாள் அந்த மேஜைப் பக்கமே அவன் போகவில்லை. தீபாவளி போனஸ் வந்ததும் பாண்டிச்செல்வி நேரே சண்முகராஜ் கடைக்குப் போய், புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வேனிலேயே வந்து இறங்கினாள். கார்டு வாங்க வழியில்லை. மதர்போர்டிலேயே இருக்கிறதை வைத்து ஓட்டலாம், பார்வைக்குத்தான் நன்றாக இராது என்றான் சண்முகராஜ்.

நிஜமாகவே நன்றாக இல்லை. மரம் இல்லை, மலை இல்லை. கருத்த தரை, வெளுத்த வானம், நடுவில் ஒரு ரோடு. மழை பொய்த்த வருஷத்துப் புதூர்ப் பக்கம் மாதிரி இருந்தது. வண்டி வெட்டி வெட்டிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆபீஸ் லீவு. பாண்டிச்செல்வி கட்டிலின் ஓரத்தில், அவனுக்கு இடதுபக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"எங்க போகுது வண்டி?"

"எங்கனயோ. பேரு வாயில நுழையல."

"ரொம்பத் தூரமோ?"

"தூரம்தான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளீனர் உட்காருகிற பக்கம் அது. என்றைக்கோ அவள் கேட்டது சுடலைக்கண்ணுவுக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணில் நீர் திரண்டு, ரோடு இன்னும் கலங்கலாகத் தெரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று திரும்பினான். சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி அவள் உறங்கிப்போயிருந்தாள். இவ்வளவு நாளாகத் தன் உறக்கத்தைப் பற்றியே புலம்பினானே தவிர, அவள் உறங்கினாளா என்று ஒருநாளாவது கேட்டிருப்பானா?

கிளீனர்கள் வண்டி ஓடும்வரை உறங்குவார்கள், நின்றால் விழித்துக்கொள்வார்கள். எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான். சுடலைக்கண்ணு ஹாரனைத் தொடவில்லை. ஒரே சீராக மிதித்தான். லோடு இறக்க வேண்டிய ஊர் வந்தது. இடது கை வழக்கம்போலக் கியரைத் தேடிப் போனது. அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஊரைத் தாண்டிப் போனான்.