கரி வண்டி வழிவிட்ட கல்யாணம்

காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் எடுத்தால் கரித்தூள் விரலில் நறநறக்கும். சில நாள் சோற்றிலும் நறநறக்கும். ஐம்பதுகளில் எங்கள் ராயபுரம் வீட்டுக்குப் பின்னால், ரயில் இன்ஜின்களுக்கென்று துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியைச் சுமந்துகொண்டு "கரி வண்டி" பொழுதெல்லாம் போவதும் காலியாகத் திரும்புவதுமாக இருந்தது. கையாட்டினால் டிரைவர் காதர் பாய் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு விசில் கொடுப்பார்.

தங்கம் அக்காவின் கல்யாணத்தன்று, காலியாகத் திரும்பிய அந்த வண்டி, துறைமுக யார்டில் இடமில்லாமல், ரயில்வே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. திருவொற்றியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு அந்தப் பக்கம். பந்தலும் நாங்களும் இந்தப் பக்கம். வேகனுக்கு அடியில் குனிந்து வரலாமே என்று யாரோ சொல்ல, "மாப்பிள்ளையைத் தவழவிட்டா கூட்டிட்டு வருவாங்க?" என்று அவருடைய தாய்மாமன் குதித்தாராம். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. அப்பா பந்தக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்டவாளத்தை ஒட்டி விறுவிறுவென்று நடந்தாள். "ஏ தங்கம், ஊரு சிரிக்கும்!" என்று அம்மா கத்த, நான் பின்னால் ஓடினேன்.

"இன்னாம்மா, கல்யாணப் பொண்ணு நீயே வந்துக்கினே?" என்றார் காதர் பாய், இன்ஜினிலிருந்து எட்டிப் பார்த்து.

"மாப்பிள்ளை அந்தப் பக்கம் நிக்கிறார், பாய். வழி விடுங்க."

"சிக்னல் வுழாம நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்றவர், முன்னால் ஒருமுறை பார்த்தார். "சிக்னல் வரிக்கும் எடம் கீது. பாதி வண்டிய கய்ட்டி வுட்டா கேட்டு தொறக்கும். இன்னா கார்டு சாரே?"

கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி இன்ஜின் அருகே வந்திருந்த கார்டு, அக்காவின் கழுத்து மாலையைப் பார்த்தார். பச்சைக் கொடியை ஆட்டினார். கேட்டுக்கு நேரே வேகன் கொக்கியைக் கழற்றியதும் இன்ஜின் பெருமூச்சுவிட்டு நகர, வேகன்கள் பிரிந்த இடைவெளியில் அந்தப் பக்கம் நின்ற மாப்பிள்ளை தெரிந்தார். கேட்டுக்குத் திரும்பி வந்து மூக்கெல்லாம் கரியாக நின்ற அக்காவைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் தாய்மாமனும் அடங்கிப்போனார். தாலி நேரத்துக்கு ஏறியது. இன்ஜினுக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் போனது.

பின்னர் டீசல் இன்ஜின்கள் வந்தன. கரி வண்டி குறைந்து, ஒருநாள் வராமலே போயிற்று. தண்டவாளத்தின் நடுவே எருக்கு முளைத்தது. இப்போது தண்டவாளமும் இல்லை, கேட்டும் இல்லை; கன்டெய்னர் லாரிகள்தான் வரிசையாக நிற்கின்றன. போன மாதம் அக்காவை அங்கே அழைத்துப் போனேன். டீக்கடைப் பையன், "இன்னா பாட்டி தேடுற?" என்று கேட்டான்.

"இங்க ஒரு ரயில் ஓடுச்சு தம்பி," என்றாள் அக்கா. "ஒரு தடவை எனக்காக ரெண்டாப் பிரிஞ்சு நின்னுச்சு."

பையன் என்னைப் பார்த்தான். நான் ஆமென்று தலையாட்டினேன்.