இலங்கைக்குப் போன இரண்டு படங்கள்

நெகட்டிவில் கோடு போடுகிற பென்சில் ஒன்று அப்போதெல்லாம் என் சட்டைப்பையிலேயே இருக்கும். ஊசி போலச் சீவி வைத்திருப்பேன். ஐம்பதுகளில் திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த எனக்கு, கல்யாணப் பெண்ணைச் சிவப்பாக்கித் தருகிறவன் என்று பெயர். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன். முகத்தில் பவுடரை அப்பச் சொல்வேன். நேர் எதிரே இரண்டு பெரிய பல்பு, தேவைக்கு மேல் எக்ஸ்போஷர். மிச்சத்தைப் பென்சில் பார்த்துக்கொள்ளும்; நெகட்டிவில் தீட்டிய இடம் படத்தில் வெளுப்பாக விழும்.

சாணார்பட்டிப் பக்கமிருந்து, கல்யாணமான மூன்றாம் நாள், கணவனோடும் மாமியாரோடும் ஒரு பெண் வந்தாள். நல்ல கறுப்பு. இடது புருவத்தில் ஒரு தழும்பு. தாய் இல்லை. தகப்பன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அவளுக்கு ஏழு வயதில் போனவரால் கல்யாணத்துக்கும் வர முடியவில்லை. படம் அவருக்குத்தான். “பொண்ணு செவப்பா விழணும் தம்பி” என்றார் மாமியார். விழ வைத்தேன். தழும்பையும் பென்சிலால் மறைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மூவரும் திரும்ப வந்தார்கள். தகப்பன் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். ‘மாப்பிள்ளை சரி. பக்கத்துல நிக்கிற பொண்ணு யாரு? எம்மக படத்தை அனுப்புங்க’ என்று கடிதம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு வயதுப் பிள்ளையாகப் பார்த்தவருக்கு அடையாளம் தெரியாமல் போனால் நான் என்ன செய்ய என்றேன்.

“கலரு மாறாதுல்லண்ணே. கெணத்துமேட்டுல விழுந்து புருவம் கிழிஞ்சப்ப அவருதான் என்னைய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரு. எங்கப்பன் என்னைய பாக்கணும், அம்புட்டுத்தான்” என்றாள்.

முகத்தைக் கழுவி வரச் சொன்னேன். அதில் வேறொரு தொல்லை. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கு வெளிச்சத்தைக் கணக்கிட்டால் அவள் முகம் கரியாகும். அவள் முகத்துக்குக் கணக்கிட்டால் சட்டை சுண்ணாம்பாகும். ஆண் நாற்காலியில் உட்கார, பெண் பக்கத்தில் நிற்பதுதான் அன்றைய வழக்கம். நான் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவனைப் பின்னால் நிழலில் நிறுத்தினேன். மறுபக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியதும் வெளிச்சம் திரும்பி அவள் கன்னத்தில் விழுந்தது.

“ஆம்பள நிக்க, பொம்பள உக்காரவா? நல்லாருக்கு நாயம்” என்றார் மாமியார்.

“அவுக அப்பாவுக்குத்தான படம்? செத்த நேரம் நின்னா நான் கொறைஞ்சா போயிருவேன்?” என்றான் அவன். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பதில் வந்ததும் அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். எழுத்து தெரியாதவள், என்னிடமே நீட்டினாள். ‘ஆத்தா, வந்து சேந்துட்ட’ என்று தொடங்கியிருந்தது. அந்த வரியையே மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

அதன்பிறகு நான் யார் முகத்தையும் வெளுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு செய்தது செய்ததுதானே. போன மாதம் தாடிக்கொம்பில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். இறந்துபோன அம்மாளுக்குக் கல்யாணப் படம் எடுத்தவன் நான்தான். அந்தப் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். அம்மாளின் சாயலில், அதே கறுப்பில் ஒரு பேத்தி படத்தைக் காட்டி, “ஆச்சி எம்புட்டுச் செவப்பு பாருங்க தாத்தா, நாந்தான் யாரு மாதிரியும் இல்ல” என்றாள்.