இடது கட்டை விரல்

என் அக்காவைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். முகத்துக்கு நேராக 'ஸ்கேனர் அக்கா', முதுகுக்குப் பின்னால் வெறும் 'ஸ்கேனர்'. காது கேட்கும் கருவி செய்கிற கம்பெனி அது. வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. கருவிக்குள் வைக்கும் ஒலிபெருக்கி அரிசி மணி அளவுதான் இருக்கும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கொண்டைக்குள், செருப்புக்குள், நகத்துக்கு அடியில்கூட ஒளித்துக்கொண்டு போகலாம் என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பதினாறு வருடமாக அதையே நினைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால், "எதுக்குச் சிரிக்கிறாரு?" என்பாள். சிரிக்காமல் போனால், "ஏன் இன்னைக்குச் சிரிக்கல?" என்பாள். நான் புதுச் செருப்பு போட்டால் அது யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரிய வேண்டும். சிலர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். என் அக்கா செக்கையே கண்ணுக்குள் வைத்திருந்தாள்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபோட்டோ பிரிண்டும் போடுவோம். நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவசப் புகைப்பட வகுப்பு என்று ஒரு நோட்டீஸ் எங்கள் கடைக்கு அச்சடிக்க வந்தது. வாரம் ஒரு பயிற்சி, பன்னிரண்டு வாரம், முடிவில் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் அலமாரியைக் குடைகிறவளை வெளியே அனுப்ப இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று நினைத்தேன். பழைய கேமரா ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

"இலவசமா? அப்போ உள்ள என்னமோ இருக்கு," என்றாள் அக்கா. என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே போனாள்.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற ஒரு பெண்தான் வகுப்பு நடத்தினாள். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாரா வாரம் ஒரு துண்டுச் சீட்டில் பயிற்சியை எழுதிக் கொடுப்பாள். முதல் வாரம், ஒரே நிறத்தில் பத்துப் பொருள். இரண்டாம் வாரம், முட்டி உயரத்துக்குக் கீழே இருப்பது மட்டும். மூன்றாம் வாரம், ஆளே இல்லாமல் ஒரு ஆளைக் காட்ட வேண்டும்.

"ஆளே இல்லாம ஆளைக் காட்டணுமாம். இது ஃபோட்டோ கிளாஸா, போலீஸ் ட்ரெய்னிங்கா?" என்று திட்டிக்கொண்டே என் மேசையைப் படம் எடுத்தாள். கடித்த பென்சில், பாதி குடித்த டீ, ஒளித்து வைத்திருந்த சாக்லேட் உறை எல்லாம் படத்தில் வந்துவிட்டது. டீச்சர் அதை வகுப்பு முழுக்கக் காட்டி, "இவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது," என்றாளாம். பதினாறு வருடத்தில் அந்தக் கண்ணுக்கு யாரும் கைதட்டியதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் அலமாரியைத் தொடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நான்காம் வாரச் சீட்டில், 'எதையும் நேராக எடுக்காதே, பிரதிபலிப்பில் எடு' என்று இருந்தது. அக்காவின் சோதனை அறையில் ஒரு மேசையும் சுவரில் ஆளுயரக் கண்ணாடியும் உண்டு. முன்னால் சோதிக்கும்போதே முதுகையும் பார்ப்பதற்கான கண்ணாடி. பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி வாங்கி, அந்த அறைக்குள் மட்டும் படம் எடுத்தாள். "முகம் வேண்டாம்க்கா" என்று பெண்கள் சொன்னதால், கண்ணாடியைப் பார்த்துக் கையை நீட்டச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் வரை எடுத்தாள். சிலதைக் கண்ணாடியில், கை பழகட்டும் என்று சிலதை நேராக.

மறுநாள் ஞாயிறு. ஐந்தாம் வாரச் சீட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கைகள் மட்டும்.'

"சனிக்கிழமை எடுத்ததும் கைதானே? அதை ஏன் வீணாக்கணும்?" என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். அந்த வாரம் எடுத்ததோடு கடைக்கு வந்தாள். கைகள் மட்டும்தான் தெரிய வேண்டும் என்பதால் நான் ஒவ்வொரு படத்திலும் மணிக்கட்டுக்கு மேலே இருந்ததையெல்லாம் கணினியிலேயே வெட்டி எறிந்தேன். வெட்டியது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை.

பிரிண்டுகளை வெட்டுமேசையில் பரப்பினோம். அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு படங்களை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது சிட்டு கை," என்றாள்.

சிட்டு என்பது அசெம்பிளியில் சூட்டுக்கோலால் கம்பிகளைப் பற்றவைக்கிற பெண். விரல் வேகத்துக்காக வந்த பட்டப்பெயர். ஆறு மாதத் தற்காலிக வேலை முடியப் போகிறது, அந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டும். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

"சனிக்கிழமை பாரு, வலது கட்டை விரல்ல பிளாஸ்டர். திங்கக்கிழமை பாரு, இடது கட்டை விரல்ல."

"ரெண்டு விரல்லயும் சுட்டிருக்கலாம்ல அக்கா?"

"சனிக்கிழமை இடது விரல் சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை வலது விரல் சுத்தமா இருக்கு. ரெண்டே நாள்ல தழும்புகூட இல்லாம காயம் ஆறுமாடி?"

கம்பெனியில் ஒரு விதி உண்டு. நர்ஸ் கொடுத்த சீட்டு இருந்தால் கட்டுப் போட்ட இடத்தை அவிழ்த்துச் சோதிக்கக் கூடாது. சிட்டுவின் சீட்டில், 'கட்டை விரல், தீக்காயம்' என்று மட்டும் இருந்தது. எந்தக் கை என்று எழுதவில்லை. அந்த மாதம் ஆறு ஒலிபெருக்கி குறைந்திருந்தது. யாரைக் கேட்பது என்று தெரியாமல் அதிகாரி எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு படங்களையும் உற்றுப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "ஆமாக்கா," என்றேன். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் திரும்ப எடுத்து விழுங்கிவிடலாம் போல இருக்கிறது.

மறுநாள் அக்கா படங்களோடு அதிகாரி முன்னால் நின்றாள். சிட்டுவைக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டரைப் பிய்த்தார்கள். பொருக்கும் சேர்ந்து வந்தது, ரத்தம் மேசையில் சொட்டியது. இடது கட்டை விரலில் நிஜமாகவே தீக்காயம். உள்ளே எதுவும் இல்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரி சனிக்கிழமைப் படத்தைத் தூக்கிக் காட்டினார். "காயம் இடது கையில. வலது கையில ஒரு கீறல்கூட இல்ல. அப்போ சனிக்கிழமை வலது கையில ஒட்டினது எதை மறைக்க?"

"நான் வலது கையில ஒட்டவே இல்லைங்க சார்," என்று சிட்டு அழுதாள்.

"அப்போ ஃபோட்டோ பொய் சொல்லுதா?"

நர்ஸைக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது விரலுக்கு ஒட்டுகிறவளுக்கு எது நினைவிருக்கும்? விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சிட்டுவை அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவளைக் கடைசியாகச் சோதித்ததும் அக்காதான்.

"சனிக்கிழமையே வெளிய கொண்டு போயிட்டா. கெட்டிக்காரி," என்று அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். குரலில் ஒரு திருப்தி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? படம் இருந்தது அவள் பக்கம்.

வகுப்பில் டீச்சர் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்ததும் அதே சனிக்கிழமைப் படம்தான். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வெளிச்சம் அழகாக விழுந்திருக்கிறது என்றாளாம். பெரிய அளவில் போட வேண்டும், வெட்டிய படம் அதற்குப் போதாது. அதனால் கடையில் அசல் படத்தைத் திறந்தேன்.

கைகளுக்கு மேலே சிட்டுவின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் இருந்த கம்பெனிப் பெயரைப் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பி நின்றது. பின்னால் சுவர்க் கடிகாரத்தில் எண்களும் அப்படியே. கண்ணாடியில் எடுத்த படம், திங்கட்கிழமைப் படம் நேராக எடுத்தது. கண்ணாடியில் இடது கை வலது கையாகத்தான் தெரியும். தினமும் நூறு படம் போடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள இருந்த அட்டையையும் கடிகாரத்தையும் நானே வெட்டி எறிந்திருந்தேன். உடனே அக்காவைக் கடைக்கு வரச் சொன்னேன்.

வந்தவள் திரையைப் பார்த்தாள். முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

"நீ இதைத் திருப்பிட்டியா?"

"நான் எதுக்குக்கா திருப்பணும்?"

"அவ வந்து உங்கிட்ட அழுதாளா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேமரா உன்னோடது, கார்டு உன்னோடது. நீயே போட்டுப் பாரு!" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கார்டை எடுத்துத் தன் கேமராவில் போட்டுப் பார்த்தாள். பிறகு தன் அடையாள அட்டையைக் கழற்றி, கடையில் முகம் பார்க்க மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடி முன்னால் பிடித்தாள். கண்ணால் காண்பதும் பொய் என்று ஊரே சொல்லும் பழமொழியை என் அக்கா அதுவரை மற்றவர்களுடைய கண்ணைப் பற்றியது என்றே நினைத்திருந்தாள்.

"ரத்தம் வந்துச்சுடி," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை முழுப் படத்தோடு அதிகாரியிடம் போனாள். அவர் லேசில் நம்பவில்லை. "போன வாரம் அடிச்சுச் சொன்னீங்க. இந்த வாரம் மாத்திச் சொல்றீங்க. அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன சொந்தம்? யாரு உங்களைப் பேசச் சொன்னது?" என்று கேட்டார். பதினாறு வருடமாக எல்லாரையும் அப்படிக் கேட்டவளை முதல் தடவையாக ஒருவர் கேட்டார். அக்கா அவரைச் சோதனை அறைக்கு அழைத்துப் போய், கண்ணாடி முன்னால் நிறுத்தி, "சார், உங்க இடது கையைத் தூக்குங்க," என்றாள். தூக்கினார். "இப்போ கண்ணாடியில தெரியுறதை ஒரு படமா நினைச்சுக்குங்க. நான் கையை மட்டும் வெட்டிக் கொடுத்தா எந்தக் கைன்னு சொல்வீங்க?"

அவர் கண்ணாடியில் தன் கையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க," என்றார்.

சிட்டு வேலைக்குத் திரும்பினாள். ஆனால் நிரந்தர உத்தரவுப் பட்டியல் அதற்குள் போய்விட்டது. விசாரணையில் இருந்த பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னும் ஆறு மாதம் தற்காலிகம்தான், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அக்கா மூன்று முறை போய்க் கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. அந்த ஆறு ஒலிபெருக்கி எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கண்காட்சிக்கு அக்கா படம் கொடுக்கவில்லை. டீச்சர் காரணம் கேட்டதற்கு, "அந்தப் படம் சரியில்ல," என்றாளாம்.

சிட்டு திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலம் என்ன நடந்தது என்பதை அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். வரிசையில் சிட்டுவின் முறை வந்தது. மன்னிப்புக் கேட்க அக்கா காலையிலிருந்தே வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். பின்னால் முப்பது பேர் நின்றார்கள், வெளியே பஸ் நின்றது. விதிப்படி சோதிக்காமல் அனுப்பவும் முடியாது. கொண்டையைத் தொட்டாள், பையைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

அப்போது சிட்டு, யாரும் கேட்காமலே, தன் கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். இடது கட்டை விரலில் தோல் புதிதாக ரோஜா நிறத்தில் வளர்ந்திருந்தது.

"இதுதான்க்கா இடது," என்றாள். "நல்லாப் பாத்துக்குங்க."