ஆறு மணிக்கு எழுந்து போன நாற்பது பேர்

எச்.ஆர். மேடம், நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன மாதம் மாதாப்பூரில் உங்கள் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நின்று, மைக்கைப் பிடித்து, "வேலையும் வாழ்க்கையும் எங்களுக்கு இரண்டு கண் மாதிரி" என்றீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கைகூடத் தட்டினேன். அந்தக் கைத்தட்டலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு விஷயம் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் கவிதா அந்தக் கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். காலை எட்டு மணிக்கு ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வாசலில் கேப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எப்போது கொண்டுவந்து விடும் என்று கேட்காதீர்கள். வேலை நாளில் அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

இப்படிப்பட்ட கம்பெனிக்குத் திடீரென்று ஞானம் வந்தது. 'பேலன்ஸ் வாரம்' கொண்டாடினார்கள். ஒரு நாள் யோகா. ஒரு நாள் சிரிப்புப் பயிற்சி. ஆளுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்து, டென்ஷன் வந்தால் அமுக்கச் சொன்னார்கள். யாருடைய கழுத்து என்று நினைத்து அமுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசி நாள் சிறப்பு விருந்தினர் வேண்டும் — வேலையும் பார்த்துக்கொண்டு, கலையையும் விடாத ஆள். யாருக்காவது அப்படி யாரையாவது தெரியுமா?

கவிதா கையைத் தூக்கினாள். தூக்கியிருக்கக் கூடாது.

அவள் சொன்னது எங்கள் மேல்மாடி ஸ்டீபனை. வயது ஐம்பத்து மூன்று. ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம், மூன்று தலைமுறையாக இந்த ஊர். நாச்சாரத்தில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் மெக்கானிக். சாயங்காலம் நரைத்த முடியைக் குடுமி கட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்தால்... ஹெவி மெட்டல். முப்பது வருஷமாக வாசிக்கிறார். மீன்பாடி வண்டியைக் கவிழ்த்துக் கருங்கல்லில் இழுத்துப்போனால் ஒரு சத்தம் வருமே, என் காதுக்கு அது அப்படித்தான் கேட்கும். குடிவந்த புதிதில் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்கு நிறுத்திவிடுவார். பாட்டு பாதியில் இருந்தாலும் சரி, நிறுத்திவிடுவார். இரண்டாவது ஷிஃப்டையும் பார்க்க வேண்டும் என்பதால் ஃபோர்மேன் பதவியை இரண்டு தடவை வேண்டாம் என்றார். வாரத்தில் ஆறு நாள் வாசிக்கச் சொன்ன ஹோட்டலையும் வேண்டாம் என்றார். மெஷினும் இவரை முழுசாகத் தின்னவில்லை, கிட்டாரும் தின்னவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மற்ற எல்லாவற்றுக்கும் நக்கோ — எங்கள் ஊர் உருதுவில் 'வேண்டாம்' — சொல்லத் தெரிந்த மனுஷன்.

விழாவுக்குக் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டோவில் அவருடைய ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? நான்தான்!

மேடையேறும் முன் மேடம் அவரிடம் சிரித்துக்கொண்டே, "சார், கொஞ்சம் லைட்டா வாசிங்க" என்றார்.

"மெட்டல்ல லைட்டெல்லாம் நக்கோ மேடம்."

வாசித்தார். பசங்கள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்கள். ஆறு மணி வரைக்கும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்; நடுப் பாட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு. கை நின்றது. ஒயரைப் பிடுங்கினார்.

"ஒன்ஸ் மோர்!" என்று கூட்டம் கத்தியது.

"நாளைக்கும் கிட்டார் இருக்கும், நானும் இருப்பேன். அவ்வளவுதான் என் பேலன்ஸ்," என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு டூட்டி எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறு!"

"ஆறு ஆயிடுச்சே. கைக்கு, எதுக்கு இன்னும் உக்காந்திருக்கீங்க? வீட்டுக்குப் போங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒரு பையன் பையை எடுத்தான். இன்னொருத்தி எடுத்தாள். நாற்பது பேர் போய்விட்டார்கள், மேடம்! ஒன்பதுக்கு முன்னால் கேப் கிடையாது. பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போனார்கள். ஆறரைக்கு அமெரிக்காவிலிருந்து கிளையன்ட் போனில் வந்தபோது, பதில் சொல்ல இந்தப் பக்கம் காலி நாற்காலிகள்தான் இருந்தனவாம்.

கவிதா எங்களோடு ஆட்டோவில் வந்தாள். ஏழரைக்கு வீட்டில் இருந்தாள். தோசை வார்த்துப் போட்டேன். நாலாவது தோசைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தாள். மேலே கிட்டார் கேட்டது. எட்டுக்கு நின்றது. நான் மாடிப்படியில் நின்று, "இன்னைக்கு வீட்டுல அரை மணிதானே வாசிச்சீங்க? எட்டரை வரைக்கும் வாசிங்க, நான் சண்டைக்கு வர மாட்டேன்," என்றேன்.

"நக்கோ அக்கா. இன்னைக்கு எட்டரைன்னா நாளைக்கு ஒம்பது. உங்க பொண்ணு கம்பெனி அப்படித்தானே ஆச்சு?"

இரண்டு வாரம் கழித்துக் கவிதாவுக்கு மெமோ. 'ஒழுங்கைக் குலைக்கும் நபரை' அழைத்து வந்தாளாம். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம், அவர்களே டைப் அடித்தது. 'அவர் இப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது, வருந்துகிறேன்.' வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை போகும். மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"இட்ஸ் அ லை, மம்மி. அங்கிள் இப்படித்தான் பேசுவார்னு எனக்குத் தெரியுமே!" என்றாள் கவிதா.

விஷயம் கேள்விப்பட்டு ஸ்டீபன் இறங்கி வந்தார். "போட்டுரு பேட்டா. நான் ஒழுங்கைக் குலைக்கிற ஆளுன்னு உங்கம்மா பன்னெண்டு வருஷமா சொல்றாங்க. எனக்கு அது புதுசா?"

"நக்கோ அங்கிள்."

நானும் போட்டுவிடு என்றுதான் சொன்னேன். மறைப்பானேன்? வேலை போனால் என்ன செய்வாள் என்ற பயம். அவள் என்னைப் பார்த்தாள்... அவ்வளவுதான். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் வாராவாரம் இந்தப் பத்தியில் சூடு கொடுத்து எழுதுகிறவள், வீட்டுக்குள் மகளைப் பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது. "எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, மேடம். அவள் கையெழுத்துப் போடப்போவதில்லை.

நீங்கள் கொடுத்த வேலை உத்தரவில் 'ஒன்பது முதல் ஆறு' என்று அச்சடித்திருக்கிறது. அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாமா, கூடாதா? என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சொல்ல வேண்டாம். கவிதாவுக்கு ஈமெயிலும் வேண்டாம். அந்த நாற்பது பேரையும் எதிரில் உட்காரவைத்து, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை போதும்.