எல்லா ஆட்டத்திலும் ஆறு

‘சிவராத்திரிக்கு மறுநாள், பிற்பகல். அயித்தான் எல்லா ஆட்டத்திலும் ஆறு.’ சில ஆண்டுகளுக்கு முந்தைய என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருப்பது இந்த ஒரு வரிதான். வந்தவர்கள், சமையல், வெயில் என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கிற நான், அன்று இதற்கு மேல் எழுதவில்லை.

அயித்தான் என் தமக்கையின் கணவர். தமக்கையை எங்கள் வீட்டு வழக்கப்படி ஆச்சி என்போம். ஒவ்வோர் ஆண்டும் சென்னையிலிருந்து அயித்தானே கார் ஓட்டி வருவார். சிவராத்திரிக்குத் தங்கள் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் திருமயத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. இலை எடுத்ததும் ஜமுக்காளம் விரியும். வேலைக்காக வெளிநாட்டில் இருந்தபோது அவர் பழகிவந்த போக்கர்தான் ஆட்டம். பணத்துக்குப் பதில் பல்லாங்குழிச் சோழிகள். முற்றத்து வெயில் தூண்களின் நிழலை இழுத்துக்கொண்டு மெல்ல நகரும். வயிறு நிறைந்த மயக்கத்தில், சீட்டுகள் விழும் சத்தம் தூரத்தில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்கும்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் பொதுச் சீட்டுகளை விரிக்கும் முன்பே பந்தயத்தை ஏற்றலாம். இரண்டு ராஜா வந்துவிட்டால் அயித்தான் நான்கு சோழிதான் வைப்பார்; நாங்கள் பயந்து விலகிவிடக் கூடாதே என்ற ஆசை. அரைகுறைச் சீட்டு வந்தால் பத்து. நாங்கள் எல்லோரும் போய்விட்டால் நிம்மதி. முகத்தை மட்டும் பாறை போல வைத்திருப்பார்.

“மூஞ்சியை எதுக்கு இப்படி இறுக்கிக்கிட்டு இருக்கீங்க? சோழியை எண்ணினாலே தெரிஞ்சுபோகுதே” என்பாள் ஆச்சி.

“ஒனக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாது. அங்கிட்டுப் போ” என்பார். அவள் கேலி செய்கிறாள் என்றே இன்றுவரை நம்புகிறார்.

அந்த ஆண்டு மட்டும் நான்கும் இல்லை, பத்தும் இல்லை. சீட்டைக் கண்ணருகே ஒருமுறை தூக்கிப் பார்ப்பார், கவிழ்ப்பார், ஆறு வைப்பார். எங்களால் எதையும் ஊகிக்க முடியவில்லை. “அயித்தானுக்கு ஒருவழியா ஆட்டம் பிடிபட்டிருச்சு” என்றான் என் தம்பி. கடைசி ஆட்டத்தில் அவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். என்னிடம் இரண்டு பத்துச் சீட்டு. அவர் தம் சீட்டுகளைத் திருப்பிப் போட்டார்: இரண்டு ராணி. பொதுச் சீட்டுகளில் மூன்றாவது ராணி ஏற்கெனவே படுத்திருந்தாள். ஆனால் அவர் கை சோழிகளை நோக்கி நீளவில்லை. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, “யாருக்குப்பா?” என்றார்.

தம்பி சிரித்தான். ஆச்சி சிரிக்கவில்லை. அன்று மாலையே அவர்கள் காரில் சென்னைக்குக் கிளம்புவதாக இருந்தது. அவள் சோழிகளைக் குவித்து, அவர் உள்ளங்கையைப் பிடித்து அதில் கொட்டினாள்.

“ஒங்களுக்குத்தான். மூணு ராணி.” பிறகு அந்தக் கையை விடாமலே, “கார்ச் சாவியைக் குடுங்க” என்றாள்.

“நீ எங்க ஓட்டப்போற? பைபாஸ்ல ஏறினதே இல்லையே.”

“யாரும் ஓட்ட வேணாம். நாளைக்கு ரயில்ல போவோம். இப்பக் குடுங்க.”

அவர் ஒவ்வொரு சோழியாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் வெயில் இருந்தது. அவர் கண்ணுக்கு அது எவ்வளவு தெரிகிறதோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பந்தயச் சோழி வைக்கும் இடத்திலேயே வைத்தார். “வச்சாச்சு” என்றார்.

சர்க்கரை நோய் இரண்டு விழித்திரைகளையும் அரித்திருந்தது என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

இந்த ஆண்டும் வந்திருந்தார்கள், ரயிலில். ஆச்சி அவர் காதோரம் குனிந்து சீட்டைச் சொன்னாள். அயித்தான் முகத்தைப் பாறையாக்கிக்கொண்டு நான்கு சோழி வைத்தார். நாங்கள் அத்தனை பேரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டோம்.

“ஏம்ப்பா, நாலுக்கே இப்படி ஓடுறீங்க?” என்று குறைபட்டுக்கொண்டார். ஆச்சி அவர் தோளில் முகத்தை மறைத்துச் சிரித்தாள்.

வீடு அடங்கியபின் அந்தப் பழைய வரியை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய சிவராத்திரிக்கு நான் ஊரில் இல்லை. அப்போதும் அவர்தான் ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சென்னைவரை கார் ஓட்டிப் போனார். அன்று நான்கும் பத்துமாகத்தான் வைத்தார் என்கிறாள் ஆச்சி. ஆறு வைத்த மாதிரி ஞாபகம் என்கிறான் தம்பி. அயித்தானிடம் நான் கேட்கவில்லை. ஆறு எந்த ஆண்டில் தொடங்கியது என்பது இன்னும் உறுதியாகவில்லை.