டி டிரைவுக்குப் பூட்டு

தாராவியில் எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் லெதர் பை ஒர்க்‌ஷாப். எல்லோருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். பைகளுக்கான பேட்டர்ன்கள் அதன் டி டிரைவில் இருந்தன. ஆறு வருடமாக ஒவ்வொன்றையும் வரைந்தவள் நான்.

ஐரோலியில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமானது. அவர்களுக்கும் பை தொழில்தான். அடுத்த வாரம் என் பெயரில் லாகின் செய்து டி டிரைவைத் திறந்தால், அனுமதி இல்லை என்று வந்தது. ஏதோ கோளாறு என்று தம்பியைக் கூப்பிட்டேன்.

"நாந்தான்க்கா பூட்டுனேன். இன்னொரு வீட்டுக்குப் போறவளுக்கு நம்ம பேட்டர்னு எதுக்கு?"

நம்ம பேட்டர்னாம்! ஒரு கோடு இழுத்திருப்பானா அவன்? அப்பாவைப் பார்த்தேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அம்மா, "அவன் சொல்லுததும் சரிதானட்டி" என்றாள்.

நாலாம் நாள் தம்பி தானே ஒரு பேட்டர்னைத் திருத்தப் போய், வெட்டிய கைப்பிடிப் பட்டையெல்லாம் அரை இஞ்ச் குட்டையாகிவிட்டது. ஆர்டர் கொடுத்த வாஷி பார்ட்டி சாயங்காலம் பைகளை எடுக்க வந்துவிடுவார். மேலே ஓடிவந்தவன், பாஸ்வேர்டு போட்டு டிரைவைத் திறந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஜல்தி சரி பண்ணிக் குடுக்கா."

உட்கார்ந்தேன். நான் எதையும் பென் டிரைவில் ஏற்றிவிடக் கூடாதென்று நாற்காலிக்குப் பின்னால் காவலுக்கு நின்றான். எழுந்துவிட்டேன்.

"இன்னொரு வீட்டுக்காரிகிட்ட உனக்கு என்னலே வேல?"